‘கூடாது’க்கு இடமில்லாத பெட்டி

புதிய கடை மென்பொருளுக்கு திரையை வரைய எந்த டூல்கிட்டை எடுக்கலாம் என்று இளம் புரோகிராமர்களான நீங்கள் தயாரித்த ஒப்பீட்டை வாசித்தேன். வேகம், தோற்றம், உரிமம், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். தமிழ் என்று ஒரு வரிகூட இல்லை. தொலைபேசியில் கேட்டேன். உங்களில் ஒருவர், “அதெல்லாம் இப்ப பிரச்சினையே இல்ல மேடம், எல்லாத்துலயும் தமிழ் வரும்” என்றார். எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். ஏன் கோபம் என்று சொல்லாமல் போனை வைப்பது மரியாதையில்லை. அதனால் எழுதுகிறேன்.

வயதானால் கோபம் தணியும் என்கிறார்கள். மற்ற விஷயங்களில் எனக்குத் தணிந்துவிட்டது. இதில் இல்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். அதற்கு முன் தொண்ணூறுகளில் அதே ஊரில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியவள் நான்; அதனால் பாதி ஊருக்கு நான் ‘மிஸ்’. வெளிநாட்டு உதவியில் ஒரு திட்டம் வந்தது. தேயிலைத் தோட்டத்து ஸ்டோர்களுக்கு, அதாவது உரம், களைகொல்லி, கத்தி, கூடை எல்லாம் வைத்துக் கொடுக்கிற களஞ்சியங்களுக்கு, ஒரு மென்பொருள். சரக்கு வந்தது, போனது, மிச்சம் இருப்பது எல்லாம் அதில் தெரிய வேண்டும். பெரிய பீப்பாயிலிருந்து சின்னக் கேன்களில் ஊற்றிக் கொடுக்கும் களைகொல்லி மருந்துகளுக்கு லேபலும் அதிலிருந்தே அச்சாக வேண்டும். திறந்த மூல மென்பொருள்: யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் நான் அந்த வேலைக்கே போனேன்.

என்னோடு இருந்தவர் சிவகுமாரன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பக்கத்துக் கொட்டகலையில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். எங்கள் குளிர் அவருக்குக் கடைசிவரை பழகவில்லை. மேசையில் வேலை செய்யும்போதும் கழுத்தில் மஃப்ளர் இருக்கும். எழுத்துருக்களைப் பற்றி அவ்வளவு தெரிந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. எங்களுக்கு மேலே திட்ட இயக்குநர், கொழும்பில். பெயர் வேண்டாம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும். சிரித்த முகம், நல்ல பேச்சு, வீட்டில் தமிழ் பேசுகிறவர்.

திரையில் பொத்தானையும் பெட்டியையும் எழுத்தையும் வரைவது யார் என்பதுதான் டூல்கிட் தேர்வு. தேர்வில் இரண்டு டூல்கிட்டுகள் பாக்கி இருந்தன. இரண்டும் திறந்த மூலம். உரிமத்தில் சிக்கல் இல்லை. முதலாவது கண்ணைப் பறிக்கும். மவுஸால் பெட்டிகளை இழுத்து வைத்துத் திரையைச் சித்திரம் போல வரைந்துவிடலாம். வைத்த இடத்தில், வைத்த அளவில் நிற்கும். இரண்டாவது சாம்பல் நிறம், சிமெந்துத் தரை மாதிரி. அதில் பெட்டியின் அளவை நாம் தீர்மானிக்க முடியாது. உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஏற்றபடி பெட்டி தானே நீளும், வரி மடியும். பார்க்க அழகில்லை.

நாங்கள் இரண்டிலும் தமிழ் வாக்கியங்களை ஓடவிட்டுப் பார்த்தோம். சிமெந்துத் தரை ஒழுங்காக எழுதியது. சித்திரம் சொதப்பியது. கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம், நடுவில் புள்ளிபோட்ட வட்டம். சிவகுமாரன் அதன் மூல நிரலைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இது எழுத்தை எழுத்தா அளக்கேல்லை. ‘கொ’வைத் துண்டு துண்டா எண்ணிக் கூட்டுது. கூட்டலும் பிழை. உண்மையான நீளம் அதுக்குத் தெரியாது. வசனம் பெட்டிக்கு வெளியில போனாலும் அது உள்ளுக்கதான் இருக்கு எண்டு நினைச்சுக்கொண்டிருக்கும்.”

அதை எழுதியவர்களுக்கு அவர் மடல் போட்டார். திருத்தமும் எழுதி அனுப்பினார். சில வாரங்களில் பதில் வந்தது. வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இப்ப இதுக்கு முன்னுரிமை இல்லையாம். பிறகு பாப்பம் எண்டு எழுதியிருக்கினம்.”

தேர்வுக் கூட்டம் கொழும்பில் ஒரு ஹோட்டலில் நடந்தது. உதவி கொடுக்கிறவர்களும் வந்திருந்தார்கள். இயக்குநர் இரண்டையும் பெரிய திரையில் காட்டினார், ஆங்கிலத்தில். சித்திரத்துக்குக் கைதட்டல். சிமெந்துத் தரைக்கு ஒருவர் சிரித்தேவிட்டார். நான் எழுந்து, தமிழில் ஒரு வாக்கியத்தை அடித்துக் காட்டுங்கள் என்றேன். அடித்தார்கள். எழுத்து உடைந்து, கடைசிச் சொல் காணாமல் போய், அத்தனை பேர் முன்னாலும் திரையில் நின்றது. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும் என்று நான் நினைத்தேன்.

இயக்குநர் சிரித்தபடி, “மிஸ், இது சின்ன விஷயம். எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினா சரி. தமிழைப் பொறகு போட்டுக்கலாம். மொதல்ல கண்ணுக்கு நல்லா இருக்கணும், அப்பத்தான் ஆள்கள் தொடுவாங்க” என்றார்.

“எந்த ஆள்கள்?” என்று கேட்டேன். “ஸ்டோர்ல கேன் வாங்குறது தமிழாள்கள் சார். லேபலை வாசிக்கிறது அவங்கதான்.”

“பொறகு செய்யலாம்னுதானே சொல்றேன். வேணாம்னு சொல்லலியே.”

இந்தப் ‘பொறகு’ என்ற வார்த்தையை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழில் வாழ்க்கை முழுக்க இதைக் கேட்பீர்கள். ‘வேண்டாம்’ என்று சொன்னால் சண்டை போடலாம். ‘பொறகு’ என்று சொல்கிறவரோடு சண்டை போட்டால் பொறுமையில்லாத ஆள் என்ற பெயர் உங்களுக்குத்தான் வரும். எனக்கு வந்தது. சித்திரம் தேர்வானது. எங்கள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தோம். கூட்டத்தின் அறிக்கையில் அது வரவில்லை. லேபல் பகுதியை எங்களிடமிருந்து எடுத்துக் கொழும்புக் குழுவிடம் கொடுத்தார்கள். எங்களுக்குச் சரக்குக் கணக்குப் பகுதி.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மென்பொருளை முதலில் போட்டார்கள். தொடக்க விழாவில் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். எழுத்து உடைவதை மறைக்க, லேபலுக்கு மட்டும் ஏதோ பழைய எழுத்துருவைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள். பார்க்கத் தமிழ் சரியாகவே இருந்தது. இயக்குநர் ‘கையுறை அணியவும்’ என்று அச்சான ஒரு மாதிரி லேபலை எங்களுக்கு அனுப்பி, “இப்ப சந்தோஷமா?” என்று எழுதியிருந்தார்.

சில மாதம் கழிந்து, ஒரு காலையில் அந்தத் தோட்டத்து ஸ்டோர் கிளார்க் கூப்பிட்டார். என்னிடம் வகுப்புக்கு வந்தவர்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

“மிஸ், ஒரு பொம்பளைக்குக் கை வெந்துபோச்சு. மருந்து கலக்கும்போது. லேபலைப் பார்த்துத்தான் கலக்குனேங்குது. நீங்க வந்து பாருங்க. எனக்குப் பயமா இருக்கு.”

நானும் சிவகுமாரனும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். இரண்டு பேருக்கும் என்ன பார்க்கப்போகிறோம் என்று தெரியும்.

கிளார்க் கேனை எடுத்துவந்து மேசையில் வைத்தார். வெள்ளை லேபல். அழகான கட்டம், அழகான கோடு. மருந்தின் பெயர், அளவு, தேதி. அதற்குக் கீழே பெரிய எழுத்தில்:

கையுறை இல்லாமல் கலக்க

அவ்வளவுதான். ‘கூடாது’ பெட்டிக்கு வெளியே போய்விட்டது. ‘கலக்கக்’ என்பதன் கடைசி ஒற்றுகூடச் சரியாக வெட்டுப்பட்டிருந்தது. அந்த ஒரு ‘க்’ மிஞ்சியிருந்தாலாவது இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று வாசிக்கிறவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். வசனம் முடிந்த மாதிரியே இருந்தது. மென்பொருளும் முடிந்தது என்றே நம்பியது.

சிவகுமாரன் கேனைத் தொடவில்லை. “இங்கிலீசில பெட்டியைக் கீறியிருக்கினம்,” என்றார். “இங்கிலீஸ் வசனத்துக்கு அளவா.”

அங்கே நின்றபோதுதான் எனக்கு அது முழுசாக உறைத்தது. ஆங்கிலத்தில் ‘செய்யாதே’ முதலில் வந்துவிடும். வாலை வெட்டினாலும் எச்சரிக்கை மிஞ்சும். நம் மொழியில் கூடாது, இல்லை, வேண்டாம் எல்லாம் கடைசியில் வருகின்றன. சிங்களத்திலும் வேண்டாம் என்கிற ‘எபா’ கடைசியில்தான். ஆங்கிலத்துக்கு வெட்டிய பெட்டியில் நம் வாக்கியத்தைப் போட்டால் கொஞ்சம் பொருள் குறையும் என்று நினைக்காதீர்கள். பொருள் தலைகீழாகும். செய்யாதே என்பது செய் என்று ஆகும்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனோம். அந்தப் பெண்ணின் பெயர் செல்வமணி என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, இரண்டு கையிலும் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. நகங்கள் கறுத்திருந்தன. சோற்றைப் பக்கத்து வீட்டுப் பெண் ஊட்டிவிடுகிறாள் என்றாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

“நீங்கதானா அந்தக் கம்ப்யூட்டர்ல எழுதுனது?”

“எங்க ஆள்கதான்” என்றேன். “என்ன நடந்துச்சுன்னு சொல்லுறீங்களா?”

“என்னா நடந்துச்சு? அன்னைக்கு ரெண்டு கேன் குடுத்தாங்க. கிளவுஸ் ஒரு சோடிதான் நல்லதா இருந்துச்சு, மத்ததெல்லாம் கிழிசல். ஒரு கேன்ல ‘கையுறை அணியவும்’னு போட்டிருந்துச்சு. நான் எடுத்ததுல ‘கையுறை இல்லாமல் கலக்க’ன்னு போட்டிருந்துச்சு. சரி, இது கிளவுஸ் இல்லாம கலக்குற மருந்துன்னு, கிளவுஸை எங்கூட வந்த புள்ளைக்குக் குடுத்துட்டேன். வேற என்னா செய்யணும்? நீங்களே சொல்லுங்க.”

“நீங்க செஞ்சது சரிதாங்க” என்றேன்.

“சரின்னா ஏன் என் கை இப்பிடி இருக்கு?”

சிவகுமாரன் மஃப்ளரை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு முற்றத்தைப் பார்த்தபடி நின்றார். நான் அவளிடம் லேபலில் என்ன இருந்திருக்க வேண்டும், எது வெட்டுப்பட்டது என்று சொன்னேன். அவள் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தாள். பிறகு, “ஆபீசுல விசாரிக்கப் போறாங்களாம்,” என்றாள். “இதை அங்க வந்து சொல்லுவீங்களா, இல்ல எங்கிட்ட மட்டுந்தானா?”

வந்து சொல்லுவேன் என்றேன்.

விசாரணை தோட்டத்து ஆபீசில் நடந்தது. துரை, அதாவது தோட்ட மேலாளர், இருந்தார், கிளார்க் இருந்தார், செல்வமணியைச் சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள். நான் என் நாற்காலியை அவளிடம் இழுத்துக் கொடுத்தேன். இயக்குநர் கொழும்பிலிருந்து காரில் வந்திருந்தார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் பேசினார். இப்படி நடந்திருக்கக் கூடாது, தொழிலாளருக்கு லேபல் வாசிக்கப் பயிற்சி கொடுப்போம், படங்கள் போட்ட ஒரு கையேடு தயாரிப்போம் என்றார். அறிக்கையில் ‘பயனர் தவறாக விளங்கிக்கொண்டார்’ என்று எழுதிவிடலாம், யார் மேலும் குற்றமில்லாமல் முடியும் என்றார்.

நான் கேனை அவர் முன்னால் வைத்தேன்.

“சார், இதைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். “கையுறை இல்லாமல் கலக்கக் கூடாது.”

“கூடாது எங்க இருக்கு?”

அவர் மறுபடி பார்த்தார்.

“காட்டுங்க சார். வெரலை வச்சுக் காட்டுங்க.”

அவர் விரல் லேபலின் ஓரத்தில் போய் நின்றது. அவர் தாழ்ந்த குரலில், “அது… வெளங்குதே மிஸ். அதைத்தான் சொல்ல வாறாங்கன்னு வெளங்குதே” என்றார்.

செல்வமணி நாற்காலியிலிருந்து எழுந்தாள். “உங்களுக்கு வெளங்கும் ஐயா. என்னா எழுதியிருக்கணும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். எனக்கு எழுதியிருக்கிறதுதானே தெரியும்? நான் பள்ளிக்கூடம் போனவ. எழுத்துக் கூட்டி வாசிக்கிறவ இல்ல. இருந்ததை வாசிச்சேன்.”

படிக்கத் தெரியாத ஒருத்தி அந்தக் கேனை எடுத்திருந்தால், கங்காணியைக் கேட்டிருப்பாள், கை தப்பியிருக்கும். இவள் படித்தவள். நாங்கள் எழுதிக் கொடுத்ததை நம்பினாள். அவளைப் போய்த் தவறாக விளங்கிக்கொண்டவள் என்று எழுதச் சொன்னார்கள். அந்த அறிக்கையில் என் கையெழுத்தும் வேண்டுமென்றார் இயக்குநர். நான் பேனாவைத் தொடவில்லை. சிவகுமாரனும் தொடவில்லை. துரை கொஞ்ச நேரம் எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு, அறிக்கையைத் தானே இழுத்து, ‘லேபல் தவறு’ என்று எழுதினார். அவரிடமிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கிளார்க் வால் வெட்டுப்பட்டு அச்சாகி வந்த ஒவ்வொரு லேபலிலும் ‘கூடாது’ என்று பேனாவால் எழுதிய பிறகே கேனை வெளியே விட்டார். வெளிநாட்டுப் பணத்தில் செய்த மென்பொருளை ஒரு பேனா சரிபார்த்துக்கொண்டிருந்தது.

ஹட்டனுக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, லேபலைப் படம் எடுத்து, நடந்ததை அப்படியே எழுதி, இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய மென்பொருளின் பொதுப் பிழைப் பட்டியலில் போட்டது. திறந்த மூலம் என்றால் பிழையும் திறந்துதான் இருக்க வேண்டும். இயக்குநர் அன்றைக்கே கூப்பிட்டார்.

“இதை எல்லாரும் பார்ப்பாங்க மிஸ்.”

“பார்க்கத்தான் போட்டிருக்கேன்.”

“திட்டமே நின்னுபோகும். உங்க வேலையும்தான். நல்லா யோசிச்சு எடுத்துடுங்க.”

அப்போது வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். யோசித்தேன், யோசிக்காமல் வீரம் பேசினேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கத்தை எடுத்தால் திட்டம் மற்றத் தோட்டங்களுக்குப் போகும். அங்கே பேனாவோடு உட்கார்ந்திருக்க ஒரு கிளார்க் இருப்பாரா என்று எனக்குத் தெரியாது. எடுக்கவில்லை. மாத முடிவில் எங்கள் இருவருக்கும் கணக்கு முடித்தார்கள். திட்டம் மற்றத் தோட்டங்களுக்குப் போகவில்லை. உதவி கொடுத்தவர்கள் அந்தப் பக்கத்தை வாசித்திருந்தார்கள்.

மென்பொருளை யாரும் எங்களிடமிருந்து பறிக்க முடியாது, உரிமம் அப்படி. நாங்கள் முழு நிரலையும் எடுத்துக்கொண்டோம். என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, சித்திரத் திரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சிமெந்துத் தரையில் திரும்பக் கட்டினோம். பகலில் நான் பழையபடி வகுப்பு எடுத்தேன். சிவகுமாரன் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தார். ஒரு விதி வைத்துக்கொண்டோம்: எந்தப் பெட்டியையும் முதலில் நம்மிடம் இருக்கும் மிக நீளமான தமிழ் வாக்கியத்தை வைத்துத்தான் கட்டுவது. இடம் போதாவிட்டால் அச்சிடவே மறுக்க வேண்டும். வெட்டுவது என்ற பேச்சே இல்லை. சிவகுமாரன் அடிக்கடி சொல்லுவார், “வடிவில்லாட்டிப் பரவாயில்லை. பொய் சொல்லக் கூடாது.”

உங்களில் ஒருவர் போனில் சொன்னதற்குப் பதில் இதுதான். இப்போது எல்லா டூல்கிட்டிலும் தமிழ் எழுத்து ஒழுங்காக வரும், ஒத்துக்கொள்கிறேன். உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். நீளமான தமிழ் வாக்கியம் வந்தால் மூன்று புள்ளி வைத்து வாலை வெட்டுகிறது. அன்றைக்குச் சொல்லாமல் வெட்டியது, இன்றைக்குச் சொல்லிவிட்டு வெட்டுகிறது. அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் ‘வேண்டாம்’ இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

புதிய பதிப்பு தயாரானதும் அதே ஸ்டோருக்குத்தான் முதலில் கொண்டுபோனோம். துரை அனுமதி கொடுத்தார். செல்வமணி அப்போது பிள்ளைக் காம்பராவில், தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்தாள். நகங்கள் திரும்ப முளைத்திருந்தன, கோணலும் மாணலுமாக. கொழுந்து கிள்ளினால் விரல் நுனி வலிக்கிறது, கிள்ளுகிற வேலை இனி முடியாது என்றாள். நஷ்ட ஈடு என்று யாரும் அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. யூனியன் ஆள் வந்து பேசினார், எழுதிக்கொண்டு போனார், அத்தோடு சரி.

அவளையே முதல் லேபலை வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். கிளார்க் கூப்பிட்டு அனுப்ப, குழந்தையொன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அச்சு இயந்திரம் லேபலைத் துப்பியது. பார்க்க அவலட்சணமாக இருந்தது. எச்சரிக்கை இரண்டு வரியாக மடிந்து பாதி இடத்தைப் பிடித்திருந்தது. அவள் அதை ஒரு கையால் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

“கையுறை இல்லாமல். கலக்கக். கூடாது.”

கிளார்க் சிரித்தார். சிவகுமாரன் மூச்சை விட்டார். நானும் சிரிக்கப் போனேன்.

அவள் சிரிக்கவில்லை. லேபலை மேசையில் வைத்துவிட்டு, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“இந்த ஒரு வார்த்தைக்கு எடம் வைக்க, ஒருத்தி கை வேகணுமா மிஸ்?”

குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் அதைத் தட்டிக்கொடுத்தபடி படியிறங்கிப் போனாள்.